சிறகு மறைத்த ஜன்னல்

கல்முனைப் பக்கத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவோடிரவாகப் புறப்படுகிற வாகனங்களில் கத்தாருக்கும் சவூதிக்கும் தொழிலுக்குப் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். உம்ராவுக்குப் போகிற வாப்பாமாரும் உம்மாமாரும் இருப்பார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரையோர ஊர்களில் விமானம் ஏறிய ஒருவராவது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்று அடிக்கடி காதில் விழும்: “சீட்டு ஜன்னலோரம்தான், ஆனா செட்டை மறைச்சிட்டு.”

அந்த ஆசனம் கிடைத்தவர் கவலைப்படத் தேவையில்லை. மேகத்தை எந்த ஜன்னலிலும் பார்க்கலாம். விமானம் எப்படிப் பறக்கிறது என்பதைப் பார்க்க அந்த ஜன்னல்தான் வேண்டும். விமானம் என்றால் முதலில் சிறகு. மற்றப் பாகங்கள் அதற்கு ஊழியம் செய்ய வந்தவை. எஞ்சின் அதற்கு வேகம் கொடுக்கிறது. வால் அதைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்கிறது. அந்த வேகம் வரும்வரை சில்லுகள் தரையில் ஓடுகின்றன. ஆட்களும் பெட்டிகளும் நிறைந்த உடல், சிறகு சுமக்கும் பாரம்.

தூக்குவது எது?

ஸ்ரீலங்கன் விமான சேவையின் பெரிய விமானமான எயார்பஸ் ஏ330-300இன் நீளம் சுமார் 63.7 மீற்றர். சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 60.3 மீற்றர். ஆட்கள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் ஏற்றி முடிந்தால் எடை 200 தொன்னைத் தாண்டும். அவ்வளவையும் காற்றுத்தான் தாங்க வேண்டும்.

சிறகைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முன்விளிம்பு தடித்து உருண்டிருக்கும், பின்விளிம்பு மெலிந்திருக்கும், மேற்புறம் வளைந்திருக்கும். சற்று அண்ணாந்த நிலையில் அது காற்றை எதிர்கொள்கிறது. அதைக் கடந்து போகும் காற்று கீழ்நோக்கித் திருப்பிவிடப்படுகிறது. சிறகு காற்றைக் கீழே தள்ள, காற்று சிறகை மேலே தள்ளுகிறது. இதையே அமுக்கத்தின் கணக்கிலும் சொல்லலாம். சிறகுக்கு மேலே காற்றமுக்கம் குறைகிறது, கீழே கூடுதலாக இருக்கிறது, அந்த வித்தியாசம் சிறகை உயர்த்துகிறது.

மேலே போகிற காற்றுக்குத் தூரம் கூட, ஆகவே கீழே போகிற காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர அது விரைகிறது என்று ஒரு விளக்கம் பல புத்தகங்களில் இருக்கிறது. அது பிழை. மேலே போகிற காற்று விரைவது உண்மைதான். ஆனால் கீழே போகிற காற்றுக்காக அது காத்திருப்பதில்லை. அதற்கு முன்பே பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது.

சிறகுக்குள்தான் எரிபொருளும் இருக்கிறது. ஏ330-300 சுமார் 97,500 லீற்றர் கொள்ளும். பறக்கும்போது காற்று சிறகை மேல்நோக்கி வளைக்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் எரிபொருளின் பாரம் அந்த வளைவைக் குறைக்கிறது. உடலில் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் இடம் மிச்சமாகிறது. குலுக்கலில் சிறகு நுனி மேலும் கீழும் ஆடுவதைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. அது ஆடும்படியாகவே செய்யப்பட்டது. ஆடாமல் விறைத்து நிற்கும் சிறகில் அந்த உலுக்கல் முழுவதும் உலோகத்தில்தான் இறங்கும்.

உருமாறும் சிறகு

உயரே மணிக்கு 850 கிலோமீற்றர் அளவு வேகத்தில் பறக்க ஒடுங்கிய, மெலிந்த சிறகு போதும். ஓடுபாதையை விட்டு எழும்பும்போது வேகம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த வேகத்தில் அந்த மெலிந்த சிறகால் இந்தப் பாரத்தைத் தூக்க முடியாது. கட்டுநாயக்க ஓடுபாதையின் நீளம் 3,350 மீற்றர். அதற்குள் எழும்பியாக வேண்டும்.

ஆகவே விமானம் ஓடுபாதைக்கு உருண்டு போகும்போதே சிறகு பெரிதாகத் தொடங்கும். “உய்ங்…” என்று ஒரு மோட்டார் சத்தம் கேட்கும். பின்விளிம்பிலிருந்து பலகை போன்ற பாகங்கள் பின்னுக்கு நழுவி, கீழே சரியும். இவை ஃபிளாப்கள். முன்விளிம்பில் ஸ்லாட் எனப்படும் பாகங்கள் முன்னுக்கு நீளும். சிறகின் பரப்பும் வளைவும் கூடிவிட, குறைந்த வேகத்திலேயே போதிய தூக்குவிசை கிடைக்கிறது. மேலே போனதும் எல்லாம் திரும்ப உள்ளே போய்விடும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 2008 ஆகஸ்ட் 20 அன்று ஸ்பெயினின் மட்ரிட் விமான நிலையத்தில் ஸ்பேன்எயார் நிறுவனத்தின் எம்டி-82 விமானம் ஃபிளாப்களை நீட்டாமலே கிளம்பியது. அதைச் சுட்டிக்காட்ட வேண்டிய எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. தரையை விட்டு எழும்பிய சில வினாடிகளில் விழுந்தது. 154 பேர் இறந்தார்கள். எஞ்சின்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. சிறகுதான் உருமாறாமல் இருந்தது.

சிறகின் வெளிநுனிக்குப் பக்கத்தில், பின்விளிம்பில், சிறிய பலகையொன்று மேலும் கீழும் அசைவதையும் காணலாம். அது எயிலரோன். இடப் பக்கத்தில் அது மேலே எழும்பினால் வலப் பக்கத்தில் கீழே இறங்கும். இடச் சிறகு தாழும், வலச் சிறகு உயரும், விமானம் இடப் பக்கம் சரிந்து திரும்பும். மேற்பரப்பில் மூடி போலத் திறந்து நிற்பவை ஸ்பொயிலர்கள். தூக்குவிசையைக் கெடுப்பதே அவற்றின் வேலை. இறங்க வேண்டிய நேரத்தில் அதுவும் தேவைப்படுகிறது.

ஏ320 வகையின் புதிய விமானங்களில் சிறகு நுனி மேல்நோக்கி வளைந்து நிற்கும். உயரம் சுமார் 2.4 மீற்றர். எயார்பஸ் அதற்கு ஷார்க்லெட் என்று பெயர் வைத்திருக்கிறது. கீழிருக்கும் கூடிய அமுக்கக் காற்று நுனியைச் சுற்றி மேலே ஓடிச் சுழல் உண்டாக்குவதை இது தணிக்கிறது. தூரப் பயணங்களில் எரிபொருளில் 4 சதவீதம் வரை மிச்சம் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு.

நெய்த விசிறி

எஞ்சின் விமானத்தைத் தூக்குவதில்லை, முன்னே தள்ளுகிறது. எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழும் என்பது பலருடைய எண்ணம். 2001 ஆகஸ்ட் 24 அன்று கனடாவின் டொரொன்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன எயார் ட்ரான்சாட் ஏ330 விமானத்தில், அத்லாந்திக் கடலுக்கு மேலே எரிபொருள் கசிந்து முடிந்துபோனது. இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானம் ஏறக்குறைய 19 நிமிடம் சிறகின் பலத்தில் மட்டும் மிதந்து இறங்கி, அசோர்ஸ் தீவொன்றின் ஓடுபாதையைப் பிடித்தது. உள்ளே இருந்த 306 பேரும் உயிர் தப்பினார்கள். அந்த நேரத்தில் கட்டுப்பாடுகளுக்குச் சக்தி கொடுத்தது ஒரு சிறிய காற்றுச் சுழலி. சாதாரண நாட்களில் அது மடிந்து ஒளிந்திருக்கும். ஆபத்தில் வெளியே விழுந்து, எதிர்க்காற்றில் சுழலும்.

இன்றைய ஜெட் எஞ்சினின் வாயில் தெரிவது பெரிய விசிறி. அது இழுக்கும் காற்றில் ஒரு சிறு பங்குதான் உள்ளே போய், அமுக்கப்பட்டு, எரிபொருளோடு எரிகிறது. எரிந்து பாயும் வாயு பின்னாலுள்ள சுழலியைச் சுற்ற, அந்தச் சுழற்சியே முன்னாலுள்ள விசிறியையும் சுற்றுகிறது. மீதிக் காற்று எரியும் பகுதிக்கு வெளியால் நேராகப் பின்னே தள்ளப்படுகிறது. விமானத்தை நகர்த்தும் பலத்தின் பெரும்பகுதி அந்த எரியாத காற்றிலிருந்து வருகிறது.

ஸ்ரீலங்கனின் ஏ320நியோ விமானங்களில் இருப்பது லீப் வகை எஞ்சின். உள்ளே எரியப் போகும் காற்றைப் போல ஏறக்குறைய 11 மடங்கு காற்று அதில் வெளியால் போகிறது. விசிறியின் விட்டம் கிட்டத்தட்ட 2 மீற்றர், அலகுகள் 18. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனைக்காரர்கள் இந்த அலகுகளைக் கவனித்துப் பார்க்கலாம். ஏனென்றால் அவை நெய்யப்பட்டவை. கார்பன் இழைகளைத் தறியில் ஏற்றி, பாவு, ஊடை என்ற இரண்டு வாட்டத்தோடு நில்லாமல் தடிப்பின் வாட்டத்திலும் இழையோட்டி நெய்கிறார்கள். அதை அச்சுக்குள் வைத்து ரெசின் செலுத்தி இறுக்குகிறார்கள். பறவை மோதினாலும் தாங்க முன்விளிம்பில் டைட்டேனியக் கவசம் போடுகிறார்கள்.

வால் இல்லாமல் பறந்தவர்

ஒன்பதாம் நூற்றாண்டில், முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்தவர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ். கவிஞர், விஞ்ஞானி, கண்ணாடி செய்யத் தெரிந்தவர். முதுமையில் உடம்பில் இறகுகளும் சிறகுகளும் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பாய்ந்தார் என்றும், சிறிது தூரம் பறந்தார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டது என்றும் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மக்கரி எழுதிவைத்திருக்கிறார். அவர் சொல்லும் காரணம், பறவை இறங்கும்போது வாலைப் பயன்படுத்துவதை இப்னு பிர்னாஸ் கவனிக்காமல் விட்டார் என்பது.

வாலின் முக்கியத்துவத்தை இன்றைய பொறியியலும் ஒப்புக்கொள்கிறது. சாதாரணமாகப் பறக்கும்போது விமானத்தின் மூக்கு கீழே சாயப் பார்க்கும். பின்னாலுள்ள படுக்கைச் சிறகு, வாலைச் சற்றுக் கீழே அமுக்கி அதைச் சமன் செய்கிறது. அதன் பின்விளிம்பிலுள்ள எலிவேட்டர் அசைந்தால் மூக்கு எழும்பும் அல்லது தாழும். அதாவது சிறகு எந்தக் கோணத்தில் காற்றை எதிர்கொள்ள வேண்டும் என்பதை வால் தீர்மானிக்கிறது. நிமிர்ந்து நிற்கும் செட்டை, மூக்கு இடமும் வலமும் அலையாமல் காக்கிறது. அதன் பின்விளிம்பில் இருப்பது சுக்கான். தோணியைத் திருப்புவது போல இந்தச் சுக்கான்தான் விமானத்தையும் திருப்புகிறது என்று கடலோர ஆட்களுக்குத் தோன்றும். உண்மையில் திருப்புவது சிறகின் சரிவு. பக்கக் காற்றிலும், ஒரு எஞ்சின் பழுதாகும்போதும் மூக்கை நேரே வைத்திருக்கத்தான் சுக்கான் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

வால் நுனியில் ஒரு சிறு துவாரம் தெரியும். அங்கே இன்னொரு குட்டி எஞ்சின் இருக்கிறது. பெரிய எஞ்சின்கள் ஓடாத நேரத்தில் மின்சாரமும் குளிர்காற்றும் கொடுப்பது அதுதான். கறுப்புப் பெட்டி என்று பேர் வாங்கிய செம்மஞ்சள் நிறப் பதிவுக் கருவிகளும் வால் பக்கத்திலேயே வைக்கப்படுகின்றன. விபத்தில் மற்ற இடங்களைவிட அந்த இடம் தப்பும் வாய்ப்பு அதிகம்.

மூலை மழுங்கிய ஜன்னல்

விமானத்தின் உடல் நீண்ட குழாய். 11,000 மீற்றர் உயரத்தில் வெளியே வெப்பநிலை சைபருக்குக் கீழே 55 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும், மூச்சுக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்காது. ஆகவே உள்ளே காற்றை அமுக்கி நிரப்புகிறார்கள். தரையிலிருக்கும் அளவுக்கு அல்ல. ஏறக்குறைய 2,400 மீற்றர் உயர மலையில் இருக்கும் காற்றளவுக்கு, அதாவது பீதுருதலாகலை உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்பதுபோல. ஒவ்வொரு பறப்பிலும் உடல் இந்த அமுக்கத்தில் விம்மும், இறங்கியதும் தளரும்.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கொமெட், 1952 ஆகஸ்ட் மாதம் இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடையில் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கொமெட்டுகள் இத்தாலிக்குப் பக்கத்துக் கடலுக்கு மேலே நடுவானில் சிதறின. இங்கிலாந்தின் பார்ன்பரோவில் ஒரு கொமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அமுக்கத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலையில் உலோகம் களைத்து வெடிப்பது தெரியவந்தது. இன்றைய ஜன்னல்களின் மூலைகள் நன்றாக வளைந்திருப்பதற்குப் பின்னால் அந்தப் பாடம் இருக்கிறது. ஜன்னலின் கீழ்ப்பகுதியில் தெரியும் ஊசித்துவாரம் பழுதல்ல. வெளிக் கண்ணாடி மட்டும் அமுக்கத்தைத் தாங்கும்படி செய்வதும், பனி படியாமல் காப்பதும் அதன் வேலை.

“நடுவானில் யாராவது கதவைத் திறந்துவிட்டால்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏ320, ஏ330 போன்றவற்றின் பயணிகள் கதவை உள் அமுக்கம் சட்டத்தோடு சேர்த்து இறுக்கி வைத்திருக்கிறது. அந்த விசை பல தொன். மனிதக் கை அதற்கு ஈடாகாது. தரையில் அந்தக் கதவு சட்டென்று திறக்க வேண்டும் என்பதும் அதேயளவு முக்கியம். 1980 ஆகஸ்ட் 19 அன்று றியாதிலிருந்து ஜித்தாவுக்குக் கிளம்பிய சவூதியா ட்ரைஸ்டார் விமானத்தில், பின்பக்கச் சாமான் அறையில் தீ பிடித்தது. விமானம் பத்திரமாகத் திரும்பி றியாதில் தரையிறங்கியது. ஆனால் உடனே நிற்கவில்லை, எஞ்சின்கள் உடனே அணைக்கப்படவில்லை, கதவுகளும் நேரத்துக்குத் திறக்கப்படவில்லை. 301 பேரும் இறந்தார்கள். புறப்படும் முன் பணியாளர்கள் கதவுகளைக் கைகாட்டிச் சொல்லும்போது தொலைபேசியை வைத்துவிட்டுக் கேட்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

கண் தெரியாத இடத்தில் கண்

விமானி அறையில் நிறைந்திருக்கும் திரைகள் பெரும்பாலும் சில கேள்விகளுக்குத்தான் பதில் சொல்கின்றன: எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், எந்தத் திசை, எந்தச் சாய்வு, எஞ்சின் எப்படி. இதில் வேகம் சிறகின் உயிர். அதை அளக்கும் பிட்டோ குழாய், மூக்குப் பக்கத்தில் விரலளவில் நீட்டிக்கொண்டிருக்கும். 1996இல் டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய பிர்கன்எயார் போயிங் 757 விமானத்தில் இந்தக் குழாய்களில் ஒன்று அடைத்துப் பிழையான வேகம் காட்ட, குழம்பிய விமானிகளால் விமானத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 189 பேர் இறந்தார்கள். மண்கூடு கட்டும் குளவியே அடைத்திருக்கலாம் என்பது விசாரணையாளர்களின் முடிவு.

உயரம் காட்டும் கருவிக்கு ஒரு குறை இருந்தது. அது கடல்மட்டத்திலிருந்து கணக்குச் சொல்லும், கீழே மலை இருக்கிறதா என்று சொல்லாது. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜித்தா போக வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், தான் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணித் தாழ்ந்தது. உண்மையில் அது மலைநாட்டுக்கு மேலே இருந்தது. நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு, அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் இன்னொரு விமானம் இதேபோல மலையில் மோதியிருந்தது. அந்த விபத்தையடுத்து அமெரிக்கா, தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது. அது கீழ்நோக்கி வானொலி அலை அனுப்பி உண்மையான இடைவெளியை அளந்து, ஆபத்தென்றால் “புல் அப்” என்று குரலிலேயே கத்தும்.

சில்லும் மிதவையும்

1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பாலான கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை மூழ்கடித்த ஜப்பானிய ஐச்சி குண்டுவீச்சு விமானங்களுக்குச் சில்லுகள் மடியாது. காற்றைக் கிழித்துக்கொண்டு தொங்கியபடியே பறந்தன. எயார் சிலோன் 1947 டிசம்பர் 10இல் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கவிட்ட டிசி-3 விமானத்துக்கு முன்சில்லுகள் மடியும். மூன்றாவது சில்லு வாலில் இருந்தது. ஆகவே அது தரையில் நிற்கும்போது பயணிகள் மேட்டில் ஏறுவதுபோல நடந்துதான் ஆசனத்துக்குப் போக வேண்டும். மட்டக்களப்புக்கு வந்து போயிருக்கும் சினமன் எயாரின் செஸ்னா கரவனில் மிதவைகளும் அவற்றுக்குள்ளே சில்லுகளும் உண்டு. குளத்திலும் இறங்கும், ஓடுபாதையிலும் இறங்கும்.

ஏ320க்கு ஆறு சில்லு, ஏ330க்குப் பத்து. டயர்களில் நிரப்புவது நைதரசன். மணிக்கு 250 கிலோமீற்றர் அளவில் தரையைத் தொடும்போது சுழலாமல் இருந்த டயர் கண நேரத்தில் சுழலத் தொடங்கும். ஜன்னலில் தெரியும் புகை அதனால்தான். தொட்டவுடன் சிறகின் ஸ்பொயிலர்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும். தூக்குவிசை போய், பாரம் முழுவதும் சில்லில் இறங்கினால்தான் பிரேக் பிடிக்கும். அதேநேரம் எஞ்சினின் உறை பின்னுக்கு நழுவி, காற்றை முன்பக்கமாகத் திருப்பிவிடும். இந்த இரைச்சல் அடங்குமுன்பே பெல்ட்டைக் கழற்றிப் பெட்டி எடுக்க எழும்புகிறவர்களை எந்தக் கருவியாலும் நிறுத்த முடிவதில்லை.

பயணிகள் இறங்கிய பிறகு விமானத்தைச் சுற்றி டோர்ச் லைட்டோடு நடக்கிறவர்கள் பராமரிப்புப் பொறியியலாளர்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறையைப் பின்பற்றும் நாடுகளில் அவர்களுடைய உரிமத்தில் இரண்டு முக்கிய வகை உண்டு. சிறகு, உடல், எஞ்சின், சில்லு போன்றவை பி1. மின்சாரம், தொடர்பாடல், வழிகாட்டும் கருவிகள் பி2. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்க வழியுண்டு. இரத்மலானையிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியலுக்கே பட்டம் உண்டு. பராமரிப்பு உரிமத்துக்குப் பட்டம் மட்டும் போதாது. அதற்கான பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும், விமானத்திலேயே வேலை செய்த அனுபவமும் காட்ட வேண்டும். பழுது பார்த்த விமானம், உரிமமும் அதிகாரமும் உள்ள ஒருவர் கையெழுத்துப் போடும்வரை பயணிகளை ஏற்ற முடியாது.